பெர்க்யூன்: சின்னப் பிள்ளைகள், தாத்தா பாட்டியோடு பனிமலைக்குப் போகலாமா?

வினோ_வின்டர்தூர்
எல்லோருக்கும் வணக்கம். இங்கே சுவிட்சர்லாந்தில் பிப்ரவரியில் பள்ளிக்கு விளையாட்டு விடுமுறை வருகிறது. மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. அதே நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். பனியைக் காட்டாமல் ஊருக்கு அனுப்பினால் வருஷம் முழுக்கப் பேச்சு கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்கும் ஸ்கீ தெரியாது. பெயர் பெற்ற பெரிய தளங்களின் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்துவிட்டேன். அலுவலகத்தில் ஒருவர் “பெர்க்யூன் போ, ஷ்லிட்டன் ஓட்டு, அது போதும்” என்றார். பெர்க்யூன் கிராவுபுண்டன் கன்டோனில் (மாநிலத்தில்) இருக்கும் ஒரு மலைக் கிராமமாம். அந்த மரச் சறுக்குவண்டியை மகள் வயதில் ஓட்ட முடியுமா? அப்பாவுக்கு முழங்கால் வலி வேறு. போனவர்கள் சொல்லுங்கள்.

ரயில்பைத்தியம்
சரியான ஆளிடம் கேட்டீர்கள். பெர்க்யூனுக்குப் போவதில் பாதி சுகம் ரயில்தான். சூரிச்சிலிருந்து கூர் நகரம், அங்கே ரேட்டிய ரயில்வேயின் சிவப்பு வண்டிக்கு மாறினால் நேரே பெர்க்யூன். மொத்தம் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இந்த அல்புலா பாதை 1903-இல் திறந்தது. 2008-இல் பெர்னினா பாதையோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வந்தது. கூரில் ஏறும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். ஃபிலிசூருக்கு முன் லாண்ட்வாசர் பாலம் வரும்: 65 மீட்டர் உயரம், வளைந்தபடியே போய் எதிரே நிற்கும் செங்குத்துப் பாறைக்குள் நுழைந்துவிடும். அப்பா அம்மாவுக்கு டிக்கெட் காசுக்கான பலன் அங்கேயே கிடைத்துவிடும்.

இன்னும் நல்லது பெர்க்யூனுக்கு அப்புறம். அடுத்த நிலையம் பிரேடா நேர்க்கோட்டில் சுமார் 5 கிலோமீட்டர்தான், ஆனால் 400 மீட்டருக்கு மேல் உயரே இருக்கிறது. பல் சக்கரம் கிடையாது, சாதாரணத் தண்டவாளம். அந்த ஏற்றத்தைச் சமாளிக்க மலைக்குள்ளேயே சுருள் சுரங்கங்கள் குடைந்து, பாதையை 12 கிலோமீட்டருக்கு மேல் இழுத்திருக்கிறார்கள். இப்போது கடந்த பாலம் சற்று நேரத்தில் காலுக்குக் கீழே தெரியும். எந்தப் பக்கம் போகிறோம் என்றே பிடிபடாது.

ஷ்லிட்டன் பாதை என்பது வேறொன்றுமில்லை. அல்புலா கணவாய்ச் சாலையைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். பிரேடாவிலிருந்து பெர்க்யூன் வரை அந்தச் சாலையின் மேல் பனியைச் சமப்படுத்தி 6 கிலோமீட்டர் இறக்கமாக விடுகிறார்கள். ரயிலில் ஏறு, சறுக்கி இறங்கு, மறுபடி ரயில். அவ்வளவுதான். ஷ்லிட்டனோடு ஏறும் கூட்டத்துக்கென்றே தனி வண்டிகள் விடுகிறார்கள்.

கௌரி_லங்கௌ
வினோ தம்பி, ரயில் கதை சரி. நான் பாதையைப் பற்றிச் சொல்கிறேன். நாங்கள் இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேல். என் பிள்ளைகளோடு போனேன், இப்போது பேரப்பிள்ளையோடு போகிறேன்.

ஐந்து வயதுப் பிள்ளையைத் தனி வண்டியில் விட வேண்டாம். பெரியவர் பின்னால் இருந்து, பிள்ளையை முன்னால் கால்களுக்கு நடுவே இருத்துங்கள். ஒன்பது வயதுப் பெடியன் தனியாக ஓட்டுவான், ஆனால் முதலில் ஊருக்குள் ஒரு சின்ன மேட்டில் பழக்கிவிட்டுத்தான் பிரேடாவுக்குக் கூட்டிப் போக வேண்டும். இடப்பக்கம் திரும்ப இடக்காலைப் பனியில் அழுத்தி, உடம்பையும் அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும். வேகம் குறைக்க இரண்டு பாதங்களையும் தட்டையாக ஊன்றிப் பின்னால் சாய வேண்டும். கட்டாயம் நிற்க வேண்டுமென்றால் வண்டியின் முன்பக்கத்தைக் கயிற்றோடு சேர்த்து மேலே தூக்கு. இதை அவன் வாயால் ஒரு தரம் திருப்பிச் சொல்லட்டும்.

காலை ஊன்றிப் பிரேக் பிடிக்கிற நேரம் பனித்தூள் நேரே முகத்துக்குத்தான் பாயும். கண்ணாடி இல்லாமல் போனால் அரைவாசித் தூரம் கண்ணை மூடிக்கொண்டுதான் வருவீர்கள். காற்சட்டைக் காலுக்குள்ளும் ஏறும், சப்பாத்துக்குள்ளும் ஏறும். காற்சட்டையின் அடியில் இருக்கிற இறுக்கு வளையத்தைச் சப்பாத்துக்கு மேலாக இழுத்துப் போட்டு விடுங்கள். முதல் ஓட்டத்திலேயே காலுறை நனைந்த பிள்ளை இரண்டாவது ஓட்டத்துக்கு வராது, அழும்.

ஷ்லிட்டனைப் பெர்க்யூன் ஸ்டேஷனிலேயே வாடகைக்கு எடுக்கலாம். மர ஷ்லிட்டனையே எடுங்கள். கடையில் விற்கிற பிளாஸ்டிக் தொட்டி வீட்டுப் பின்புற மேட்டுக்குச் சரி, ஆறு கிலோமீட்டருக்கு ஏலாது.

பாசல்_பழனி
எல்லோரும் ஆசையாகச் சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், மன்னிக்கவும். இத்தனை பேர் குடும்பம், ரயில், வாடகை, சாப்பாடு, கையுறை, ஹெல்மெட் எல்லாம் கூட்டிப் பாருங்கள். போன வருஷம் பெரிய தளம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போனோம். பாதி நாள் லிஃப்ட் வரிசையிலேயே போனது, மீதி நேரம் கழிவறை தேடிப் போனது. பனியைப் பார்க்கத்தானே ஆசை? ரீகிக்குப் போங்கள். 1871-இல் ஓட ஆரம்பித்த பல்சக்கர ரயில், ஐரோப்பாவின் முதல் மலை ரயில். மேலே ஏறி, நாலு படம் எடுத்து, டீ குடித்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். நம் ஆட்களுக்கு ஸ்கீ எதற்கு?

கௌரி_லங்கௌ
பழனி தம்பி, “நம் ஆட்களுக்கு எதற்கு” என்பதை மட்டும் நான் விட மாட்டேன். தொண்ணூறுகளில் என் மூத்தவளுடைய பள்ளியில் ஸ்கீலாகர் என்று ஒரு கிழமை மலைக்குக் கூட்டிப் போகக் கடுதாசி வந்தது. அந்த நேரம் எங்கள் சனத்தில் பலபேர் “பொம்பிளைப் பிள்ளையை இரவு வெளியில் விடுவதோ, கால் முறிந்தால் யார் பார்ப்பது” என்று கையெழுத்துப் போடவில்லை. என் மனுசனும் முதலில் மாட்டேன் என்றுதான் நின்றார். வகுப்பாசிரியர் வீட்டுக்கே வந்து கதைத்தார். உடுப்பை புறொக்கியில் (பழைய சாமான் கடையில்) வாங்கினோம், சப்பாத்தைப் பக்கத்து வீட்டுச் சுவிஸ் அம்மா தந்தார். திரும்பி வந்தவள் ஒரு மாதத்துக்கு அந்தக் கதையைத்தான் கதைத்தாள். போகாத பிள்ளைகள் அந்த ஒரு கிழமையும் வேறு வகுப்பில் போய் இருந்தார்கள். அது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று பெற்றோர் கேட்கவில்லை.

வினோவின் மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்கும் கெதியில் அந்தக் கடுதாசி வரும். அதற்கு முன்னம் பனியில் விழுந்து எழும்பிப் பழகியிருந்தால் நல்லதுதானே.

பாசல்_பழனி
அக்கா, நீங்கள் சொன்னதில் ஸ்கீலாகர் விஷயம் சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். செலவு விஷயத்தில் என் கருத்து அதேதான்.

ரயில்பைத்தியம்
செலவைக் குறைக்க வழி இருக்கிறது. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெரியவர் கூட வந்தால் டிக்கெட்டே வேண்டாம். மூத்தவனுக்கு ஜூனியர் கார்டு, வருஷத்துக்கு 30 பிராங்க். அப்பாவோ அம்மாவோ கூட இருந்தால் 16 வயது வரை இலவசம். நீங்கள் இருவரும் ஹால்ப்டாக்ஸ் (அரைக்கட்டண அட்டை) வைத்திருப்பீர்கள். பெரியவர்களுக்கு சேமிப்பு நாள் அட்டையை (நாள் முழுக்கச் செல்லும் சலுகைப் பயணச்சீட்டு) முன்கூட்டியே வாங்குங்கள், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும்.

அப்புறம், இந்த இடத்தை நான் சிபாரிசு செய்வதற்கு முக்கியக் காரணமே இதுதான்: இங்கே சறுக்காதவருக்கும் வேலை இருக்கிறது. பெரிய ஸ்கீ தளத்தில் தாத்தா பாட்டியைக் கீழே ஒரு கடையில் உட்கார வைத்துவிட்டு நாம் மேலே போக வேண்டும், ஒருவரை ஒருவர் பார்க்கவே மாட்டோம். பெர்க்யூனில் அவர்களும் உங்களோடு அதே ரயிலில் பிரேடா வரை வரலாம், நீங்கள் சறுக்கும்போது அவர்கள் ரயிலிலேயே கீழே இறங்கலாம். பாதை சில இடங்களில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே ஓடும், ஜன்னலிலிருந்து கை காட்டலாம். ஸ்டேஷனை ஒட்டியே ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. வாசலில் ‘முதலை’ என்று பெயர் எடுத்த பழைய மின் எஞ்சின் நிற்கும், உள்ளே பெரிய மாதிரி ரயில் ஓடும். உங்கள் அப்பா ரயில் பிரியர் என்றால் அவரை வெளியே இழுத்து வருவதுதான் கஷ்டம்.

ஒரு உபரித் தகவல்: 2022 அக்டோபரில் உலகின் மிக நீளமான பயணிகள் ரயிலை ஓட்டினார்களே, 100 பெட்டி, 1.9 கிலோமீட்டர் நீளம், அது கிளம்பியது இதே பிரேடாவிலிருந்துதான்.

தாதி_கூர்
நான் மருத்துவமனையில் அவசரப் பிரிவில் வேலை செய்கிறேன். சந்தோஷமாகப் பேசும்போது இடையில் வருவதற்கு மன்னியுங்கள், ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது. ஸ்கீ ஆபத்து, ஷ்லிட்டன் குழந்தை விளையாட்டு என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். ஜனவரி, பிப்ரவரி சனி ஞாயிறுகளில் எங்களிடம் வருகிறவர்களைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். கணுக்கால், மணிக்கட்டு, முதுகெலும்பு. பெரும்பாலும் பெரியவர்கள்தான்.

காரணம் எளிது. ஸ்கீக்காரர் பயிற்சி எடுத்துவிட்டு வருகிறார், ஷ்லிட்டன்காரர் ஜீன்ஸோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார். பாதை இறுகிய பனிக்கட்டியாக இருந்தால் 30 கிலோமீட்டர் வேகம் சர்வசாதாரணமாக வந்துவிடும். தலை முன்னால் இருக்கும்படி குப்புறப் படுத்துப் போவது கூடவே கூடாது. பெரியவர்களுக்கும் ஹெல்மெட். கணுக்காலை மூடும், அடியில் நல்ல பிடிப்புள்ள பூட்ஸ். ஓடும் ஷூ வேண்டாம். இரண்டு வண்டியைக் கயிற்றால் இணைத்துப் போகாதீர்கள். முன்னால் போகிறவருக்குத்தான் வழி உரிமை, பின்னால் வருகிறவர்தான் ஒதுங்க வேண்டும். நிற்பதென்றால் ஓரத்தில், பின்னால் வருகிறவர் கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள். திருப்பத்துக்கு அடுத்தாற்போல நின்று குடும்பமாக செல்ஃபி எடுக்கிறவர்களை என்ன சொல்வது!

பகல் இரண்டு மணிக்கு மேல் வெயிலில் இளகிய பனி, சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் மறுபடி இறுகும். சின்னப் பிள்ளையோடு போகிறவர்கள் காலையில் சறுக்குங்கள். சில நாட்களில் இரவு விளக்கு வெளிச்சத்திலும் பாதை திறந்திருக்கும். அழகுதான், ஆனால் முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

காப்பீடு: ஒரே இடத்தில் வாரம் 8 மணி நேரமாவது வேலை செய்கிறவருக்கு வேலைக்கு வெளியே நடக்கும் விபத்தும் முதலாளியின் விபத்துக் காப்பீட்டில் வரும். பிள்ளைகளுக்கு நோய்க் காப்பீட்டிலேயே விபத்தும் சேர்ந்திருக்க வேண்டும், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா அம்மாவுக்கு விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீடு இருக்கும்; அதில் குளிர்கால விளையாட்டை விலக்கியிருக்கிறார்களா என்று சின்ன எழுத்தைப் படியுங்கள். அவசர எண் 144, ஹெலிகாப்டர் மீட்பு ரேகா 1414.

வினோ_வின்டர்தூர்
எல்லோருக்கும் நன்றி. தாதி அக்கா, அப்பாவின் காப்பீட்டுத் தாளை எடுத்துப் பார்த்தேன். குளிர்கால விளையாட்டு விலக்கு என்று அப்படியே எழுதியிருக்கிறது! அவர் ரயிலோடு சரி.

இரண்டு கேள்வி. மகனை ஒரு நாள் ஸ்கீ பள்ளியில் விடலாமா, அல்லது அது வீண் செலவா? இரண்டாவது, அம்மா எப்போதும் புடவைதான். இந்த ஊர்க் குளிருக்கு என்ன செய்வது?

கௌரி_லங்கௌ
அம்மாவுக்கு: உள்ளே கம்பளி லெகிங்ஸ், மேலே கம்பளி பனியன், அதற்கு மேல் சீலை, அதற்கு மேல் நீளமான ஜாக்கெட். என் மாமியார் அப்படித்தான் வந்தார், ஒரு குறையும் இல்லை. கால்தான் முக்கியம். பருத்திக் காலுறை போட வேண்டாம், நனைந்தால் காயாது. ஸ்டேஷனுக்கு வெளியே வழுக்கும், சப்பாத்துக்கு மேல் மாட்டுகிற ரப்பர் ஆணிப்பட்டை பெரிய கடைகளில் கிடைக்கும், மலிவு. அப்பாவுக்கும் ஒன்று வாங்குங்கள். முழங்கால் வலிக்காரர் வழுக்கி விழுந்தால் லீவு அதோடு முடிந்தது.

பிள்ளைகளுக்குப் புதிது வாங்காதீர்கள். அடுத்த வருஷம் காற்சட்டை கணுக்காலுக்கு மேலே நிற்கும். இலையுதிர் காலத்தில் ஊருக்கு ஊர் ஸ்கீபோர்ஸ என்று பழைய சாமான் சந்தை நடக்கும், இப்போது அது முடிந்திருக்கும். புறொக்கி, டுட்டி (பழைய சாமான் விற்கும் இணையத்தளம்) பாருங்கள், அல்லது அதே கட்டிடத்தில் கேளுங்கள். சுவிஸ்காரர் கடன் கேட்டால் தருவார்கள், கேட்கத்தான் நாங்கள் வெட்கப்படுகிறோம்.

முயல்குட்டி
ஸ்கீ பள்ளி பற்றி: என் மகள் போகிறாள். ஒரு நாள் மட்டும் என்றால் பயன் குறைவு. முதல் நாள் காலணியை மாட்டவும், நேராக நிற்கவும், நகரும் கம்பளத்தில் ஏறி இறங்கவுமே போய்விடும். இரண்டாம், மூன்றாம் நாள்தான் பிள்ளைக்குப் பிடிபடும். சுவிஸ் ஸ்கீ பள்ளிகளில் ஸ்னோலி என்ற வெள்ளை முயல்தான் சின்னம், குழந்தைகள் அதற்காகவே போவார்கள். முன்நுனிகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்தால் ‘பீட்சா’, அதுதான் பிரேக். இரண்டையும் இணையாக வைத்தால் ‘பொம்ஃப்ரிட்’ (நீள உருளைக்கிழங்கு வறுவல்), அப்போது ஓடும். என் மகள் வீட்டு வராந்தாவில் காலுறையோடு இதைச் செய்துகொண்டிருக்கிறாள்.

பெர்க்யூனில் டார்லுக்ஸ் என்ற மலைச்சரிவுப் பக்கம் நாற்காலி லிஃப்டும் சில இழுவை லிஃப்டுகளும் இருக்கின்றன. சின்ன இடம், தேர்ந்தவர்களுக்கு அரை நாளில் அலுத்துவிடும். பழகுகிறவர்களுக்கு அதுவே வசதி, பிள்ளை எங்கே என்று தேட வேண்டியதில்லை. உங்களுக்கு ஒரே நாள்தான் என்றால் ஸ்கீயை விடுங்கள். ஷ்லிட்டன் போதும்.

பாசல்_பழனி
சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. நாங்கள் சைவம். அந்தப் பக்கம் என்ன கிடைக்கும்?

கௌரி_லங்கௌ
அங்கே எல்லோரும் குடிக்கிற பார்லி சூப்பில் பெரும்பாலும் உலர்த்திய இறைச்சித் துண்டு போட்டிருப்பார்கள், பார்க்கச் சைவம் போலத்தான் இருக்கும், கேட்டு வாங்குங்கள். கபூன்ஸ் என்று கீரை இலையில் மா சுற்றி வருவதிலும் இறைச்சி இருக்கும். சீஸ் போட்ட பாண், உருளைக்கிழங்குப் பொரியல், ரோஸ்டி பிழையில்லை. இனிப்புக்கு அந்தக் கன்டோனின் அக்ரூட் கேக்கைக் கட்டாயம் வாங்குங்கள், ஒரு துண்டே வயிற்றை நிரப்பும். நாங்கள் பிளாஸ்க்கில் இஞ்சித் தேநீரும், ரொட்டிக்குள் உருளைக்கிழங்குப் பிரட்டலும் கொண்டு போவோம். ரயிலில் இருந்து சாப்பிடலாம், ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

பாசல்_பழனி
ரொட்டிக்குள் பிரட்டல் என்றதும் எனக்கே போகலாம் போலிருக்கிறது.

ரயில்பைத்தியம்
பழனி வழிக்கு வருகிறார்! ஊரையும் சுற்றிப் பாருங்கள். தடித்த சுவர், அதில் சுண்ணாம்பைச் சுரண்டிப் போட்ட கோலங்கள், சின்னச் சின்ன ஆழமான ஜன்னல்கள். 2017-இல் ஊர்க்கூட்டம் கூடி “எங்கள் ஊரைப் படம் எடுக்கத் தடை, மீறினால் 5 பிராங்க் அபராதம்” என்று தீர்மானம் போட்டார்கள். காரணம் கேட்டால், படத்தைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள் தாங்கள் இங்கே இல்லையே என்று வருந்துவார்களாம். முழுக்க விளம்பர வித்தை. உலகம் முழுக்கச் செய்தியானது, நினைத்தது நடந்தது.

இன்னொன்று. டீஃபன்காஸ்டல் தாண்டியதும் மேலே பிரியென்ஸ் கிராமம் வரும். மலைச்சரிவு அபாயத்தால் 2023 மே மாதம் ஊரையே காலி செய்தார்கள், ஜூனில் பாறைக்குவியல் ஊர் விளிம்பு வரை வந்து நின்றது. 2024 நவம்பரில் மறுபடி காலி. அதனால் கிளம்பும் நாள் காலையில் ரயில் செயலியை ஒருமுறை பாருங்கள். ஷ்லிட்டன் பாதையும் பனி குறைந்தாலோ பனிச்சரிவு அபாயம் இருந்தாலோ மூடப்படும், அதையும் பாருங்கள்.

நெறியாளர்
பிரியென்ஸ் பற்றித் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். டார்லுக்ஸ் லிஃப்ட் டிக்கெட் விலை கேட்டு வந்த பதிவுகளை நீக்கிவிட்டேன். விலை பருவத்துக்குப் பருவம் மாறும், தளத்தின் பக்கத்திலேயே பாருங்கள்.

முயல்குட்டி
பெர்க்யூன் சரிவராவிட்டால் கிளாருஸ் கன்டோனில் பிரவுன்வால்டைப் பாருங்கள். கார் போகாத ஊர், லிந்தாலிலிருந்து 1907 முதல் ஓடும் இழுவை ரயிலில்தான் ஏற வேண்டும். உங்களுக்கு வின்டர்தூரிலிருந்து கிட்டே. தெருவில் வண்டி இல்லாததால் ஐந்து வயதுப் பிள்ளையின் கையை விட்டுவிட்டு நடக்கலாம், அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று பெற்றவர்களுக்குத் தெரியும். ஆனால் உயரம் குறைவு, பனி இருக்கும் வாரம் பார்த்துப் போக வேண்டும்.

வினோ_வின்டர்தூர்
போய் வந்தோம்! செவ்வாய்க்கிழமை போனதால் கூட்டம் தாங்கக்கூடிய அளவுதான். மகன் ஊர்மேட்டில் பழகிவிட்டு, கௌரி அக்கா சொன்னதை ஒப்பித்துக் காட்டித்தான் ரயில் ஏறினான். முதல் இரண்டு திருப்பத்தில் பனிக்குவியலுக்குள் போய்ச் சொருகிக்கொண்டான், அப்புறம் என்னை முந்திவிட்டான். மகள் என் முன்னால் உட்கார்ந்து வழிநெடுக “பிரேக்! பிரேக்!” என்று உத்தரவு போட்டுக்கொண்டே வந்தாள். தொடை வலி இன்னும் போகவில்லை, ஆறு கிலோமீட்டரும் காலால்தான் பிரேக் பிடிக்க வேண்டும் என்பதை யாராவது கொட்டை எழுத்தில் போடுங்கள்.

அம்மா சூரியக் களிம்பு எதற்கு, குளிர்தானே என்று பூசாமல் விட்டார். பனி புற ஊதாக் கதிரை எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும் என்று மகன் பள்ளியில் படித்ததைச் சொன்னான், கேட்கவில்லை. மூக்கும் கன்னமும் சிவந்து உரிகிறது. அப்பாவை அந்த முதலை எஞ்சினிடமிருந்து பிரிக்க முடியவில்லை, ரயில்பைத்தியம் சொன்னது அப்படியே நடந்தது.

மகன் இப்போது டார்லுக்ஸ் ஷ்லிட்டன் பாதையில் போக வேண்டும் என்கிறான். அது எப்படி?

தாதி_கூர்
டார்லுக்ஸ் வேண்டாம், இந்த வருஷம் வேண்டாம். நாற்காலி லிஃப்டில் ஏறி இறங்கும் அந்தப் பாதை பிரேடாவை விட நீளம் குறைவு, சரிவு அதிகம், திருப்பங்கள் கூர்மை. நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கானது. பிரேடாவில் ஒரு பனிக்காலம் முழுக்க, பனிக்குவியலுக்குள் போகாமல் எல்லாத் திருப்பத்தையும் எடுக்கட்டும், அடுத்த வருஷம் உங்களோடு போகட்டும். அம்மாவின் கன்னத்தில் களிம்பு எதுவும் கலந்துகட்டிப் பூச வேண்டாம், வாசனை இல்லாத ஈரப்பதக் கிரீம் போதும். கொப்புளம் வந்தால் மருந்துக்கடையில் காட்டுங்கள்.

பாசல்_பழனி
வினோ, மொத்தம் எவ்வளவு ஆனது? உண்மையைச் சொல்லுங்கள், என் மனைவி இந்த இழையைப் படித்துவிட்டாள்.